நாலாவது முடிச்சு

பிசியோதெரப்பி வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்காக நாலு நல்ல அனுபவம் எழுதித் தரும்படி கேட்டார்கள். நல்ல அனுபவத்துக்கு நான் எங்கே போவேன்? எழும்பி நடந்து போனவர்கள் போய்விட்டார்கள். அவர்களுடைய முகம்கூட எனக்கு ஞாபகமில்லை. ஞாபகத்தில் நிற்பது நான் கெடுத்த ஒரு கை. நாலுக்கும் பதிலாக அந்த ஒன்றைச் சொல்கிறேன். வாசித்து முடிக்கிறபோது மனம் தெம்பாக இருக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். எனக்கு இன்றுவரை அப்படி இருந்ததில்லை.

உங்களிடம் இப்போது நரம்பில் ஓட்டம் எவ்வளவு வேகம் என்று அளந்து தாளில் கீறித் தருகிற மெஷின் இருக்கிறது. எங்களிடம் இருந்தவை ஒரு விரல், ஒரு குண்டூசி, கொஞ்சம் பஞ்சு, ஒரு போத்தல் ஊதா மருந்து. தசையைத் தூண்டுகிற மெஷின் ஒன்று மூலையில் இருந்ததுதான். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று வருடக்கணக்கு, பற்றரி கொண்டுவரத் தடை. அந்த மெஷினுக்கு மேலே நாங்கள் மத்தியானச் சாப்பாட்டுப் பாசலை வைப்போம். அதற்கு அந்த உபயோகமாவது இருந்தது.

ஆனால் மெஷின் இல்லாததால்தான் கெட்டது என்று நான் சொன்னால் அது பச்சைப் பொய். மூளையோ முள்ளந்தண்டுக்குள் இருக்கிற நாணோ வெட்டுப்பட்டால் திரும்பி வளராது. அங்கிருந்து வெளியே புறப்பட்டுக் கைக்கும் காலுக்கும் போகிற நரம்பு அப்படியல்ல. அறுந்த இரண்டு முனையையும் ஒழுங்காகப் பொருத்தித் தைத்துவிட்டால், மேல் முனையிலிருந்து புதிதாகத் துளிர்த்து, பழைய உறைக்குள்ளேயே வழி பிடித்துக் கீழே வரும். நாளுக்கு ஒரு மில்லிமீற்றர், மாதத்துக்கு ஏறக்குறைய ஓரங்குலம். வளர்கிற நுனி எங்கே வந்து நிற்கிறதோ, அந்த இடத்தில் தோலுக்கு மேலால் விரலால் தட்டினால் நோயாளிக்குச் 'சுர்' என்று விரல் நுனிவரைக்கும் ஓடும். போன மாதம் ஓடிய இடத்துக்கு இந்த மாதம் ஓரங்குலம் கீழே ஓடினால் நரம்பு வருகிறது. அதே இடத்தில்தான் ஓடுகிறது என்றால் வரவில்லை. இதற்கு மெஷின் எதற்கு? 'இல்லை' என்ற சொல்லைக் கேட்கிற தைரியம் இருந்தால் போதும். எனக்கு அது இருக்கவில்லை.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்ததுதான். நரம்பு வந்து சேரும்வரைக்கும் தசை காத்திருக்கும், ஆனால் எந்நாளும் காத்திராது. ஒரு வருடம், கூடிப்போனால் ஒன்றரை வருடம். அதற்குப் பிறகு நரம்பு வந்து கதவைத் தட்டினாலும் உள்ளே ஆளில்லை.

எனக்கு இந்தத் தொழிலைக் கொழும்பில் படிப்பித்தவர் ஒரு சிங்கள அம்மையார். பெயர் சொன்னால் அவருக்கு மதிப்பில்லை, எனக்குத்தான் வெட்கம், ஆகவே விடுங்கள். அவர் தலைதலையாக அடித்துச் சொன்ன விதி ஒன்று. உணர்ச்சியைச் சோதிக்கும்போது நோயாளியின் கண்ணை மூடு. மூன்று தரம் தொடு, ஒரு தரம் தொடாமலே 'தெரிகிறதா' என்று கேள். தொடாதபோதும் தெரிகிறது என்றால் மற்ற மூன்று பதிலையும் குப்பையில் போடு. கெட்ட குணமுள்ள நோயாளிக்கு இது அவ்வளவு தேவையில்லை, அவன் நோகிறதென்றால் நோகிறதென்று கத்துவான், நல்ல மனுசன் உனக்காகப் பொய் சொல்லுவான், அவனிடந்தான் கவனம் என்பார். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் ஒரு பையோடு கப்பலேறி ஊருக்கு வந்தேன். அந்தப் பையில் அவருடைய விதி பத்திரமாகத்தான் வந்து சேர்ந்தது. பத்து வருடத்துக்குப் பிறகு நானே அதைத் தொலைத்தேன்.

தொண்ணூற்று மூன்றின் கடைசியில் குருநகரிலிருந்து சூசை வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கரையில் விழுந்த ஷெல்லின் துண்டு ஒன்று வலது மேற்கையின் உட்பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. முழங்கை மடிப்புக்கு நாலங்குலம் மேலே, பெருவிரலையும் பக்கத்து இரண்டு விரலையும் ஆளுகிற மீடியன் நரம்பு அறுந்துவிட்டது. எங்கள் சத்திரசிகிச்சை நிபுணர் அதைத் தைத்திருந்தார். அவருடைய பெயரும் வேண்டாம். முசுடு, வாயைத் திறந்தால் ஏச்சு. கை மட்டும் பொன்னான கை.

"கையைப் பொத்திப் பிடியும் பாப்பம்" என்றேன்.

சின்னவிரலும் மோதிரவிரலும் மடிந்தன. நடுவிரல் பாதியில் நின்றது. சுட்டுவிரலும் பெருவிரலும் தங்களுக்கு அந்தக் கட்டளையோடு சம்பந்தமே இல்லாத மாதிரி நீட்டியபடி இருந்தன. சூசை கையை அப்படியே தூக்கி என் தலைக்கு நேரே பிடித்தார்.

"பாத்தியளே ஐயா, எனக்குக் குருப்பட்டம் கிடைச்சிட்டுது. பூசை வைக்கிறதுதான் மிச்சம்."

"உந்த வாயிலை பட்டிருக்கவேணும் ஷெல்" என்றார் பக்கத்தில் நின்ற மனைவி திரேசம்மா.

நான் சைவக்காரன், எனக்கு விளங்கவில்லை. கோயிலில் சுவாமியார் ஆசீர்வாதம் கொடுக்கும்போது விரல் இப்படித்தான் நிற்கும் என்று திரேசம்மா சொன்னார். எங்களுடைய புத்தகத்திலும் இந்தக் கைக்கு ஆசீர்வாதக் கை என்றுதான் பெயர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று பேரும் சிரித்தோம். அந்த அறையில் சிரிப்புக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

சிரித்து முடிந்த பிறகு சூசை சொன்னார்: "ஐயா, கடல் போனால் போகட்டும். உந்தத் தடையளோடை இப்ப ஆர் கடலுக்குப் போறான்? நான் வலை பின்னிக் குடுத்துத்தான் ரெண்டு பிள்ளையளுக்கும் கஞ்சி வாக்கிறன். அதுக்கு உந்த மூண்டு விரலும் வேணும். பெரிசா ஒண்டும் கேக்கேல்லை. நூலைப் பிடிச்சால் நூல் எண்டு தெரிஞ்சால் காணும்."

நூலைப் பிடித்தால் நூல் என்று தெரிய வேண்டும். அந்த மனிதன் என்னிடம் கேட்டது அவ்வளவுதான்.

மாதம் ஒருமுறை வருவார்கள். திரேசம்மாதான் சைக்கிள் மிதிப்பார், சூசை பின் கரியரில் இருப்பார். பிரேக் பிடிக்க வலது கை உதவாது. தெருவில் பெடியள் கூவுவார்கள் என்று சூசையே சொல்லிச் சிரிப்பார். நான் தழும்பிலிருந்து கீழே ஒவ்வொரு விரலகலமாகத் தட்டிக்கொண்டு வருவேன். 'சுர்' என்று ஓடுகிற கடைசி இடத்தில் ஊதா மருந்தால் ஒரு கோடு போடுவேன். இரண்டாந்தரம் வந்தபோது சூசை மடியிலிருந்து ஒரு பாகம், இரண்டு கையையும் விரித்த நீளம், நைலோன் நூலை எடுத்தார்.

"உங்கடை ஊதாக் கோடு ரெண்டு முழுக்கிலை போயிடுது ஐயா. நூலிலை முடிச்சுப் போட்டால் போகாது. கடலிலை ஆழம் பாக்கிறதும் நாங்கள் உப்பிடித்தான்."

நூலின் நுனியைத் தழும்பில் வைத்து, ஓடுகிற இடம்வரை பிடித்து, அங்கே ஒரு முடிச்சு. முடிச்சைத் திரேசம்மா போடுவார். முதல் மாதத்தது தழும்போடு ஒட்டி, இரண்டாவது அரை அங்குலம் கீழே, மூன்றாவது ஓரங்குலத்தில். வீட்டில் அந்த நூலை அந்தோனியார் படத்துக்குக் கீழே தொங்கவிட்டிருப்பதாகத் திரேசம்மா சொன்னார். அந்த மூன்று முடிச்சும் உண்மையான முடிச்சு. தட்டியவுடன் சூசையின் முகம் சுளிக்கும், தோள் துள்ளும். கேட்கவே தேவையில்லை.

நாலாவது மாதம் வந்தார்கள். அது எப்படிப்பட்ட கிழமை என்று சொல்ல வேண்டும். சாட்டுக்காகச் சொல்லவில்லை, உங்களுக்கும் அப்படிக் கிழமைகள் வரும் என்பதற்காகச் சொல்கிறேன். நான் நடக்கப் பழக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் காயம் பழுத்துச் செத்துப்போனார்கள். ஒரு இளம்பெண்ணுக்கு முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அந்த வாட்டு முழுவதிலும் முன்னேறிக்கொண்டிருந்தது ஒரேயொரு கை. அது சூசையின் கை. அந்தக் கையைப் பார்ப்பதற்காகத்தான் நான் அன்று காலை நல்லூரிலிருந்து சைக்கிளை மிதித்து வேலைக்கு வந்தேன் என்று சொன்னாலும் பொய்யில்லை.

மூன்றாவது முடிச்சின் இடத்தில் தட்டினேன். துள்ளினார். ஓரங்குலம் கீழே தட்டினேன். முகத்தில் ஒன்றுமில்லை. இன்னொருதரம் தட்டினேன். ஒன்றுமில்லை. கண்ணை மூடச் சொல்லியிருக்க வேண்டிய இடம் இது. நான் சொல்லவில்லை. சிரித்த முகத்தோடு அவரைப் பார்த்துக் கேட்டேன்: "இஞ்சை ஓடுதுதானே, சூசை?"

சூசை என்னைப் பார்த்தார். பிறகு, நூலைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்ற திரேசம்மாவைப் பார்த்தார்.

"ஓம் ஐயா. எப்பன், கொஞ்சமா ஓடுது."

திரேசம்மா முடிச்சைப் போட்டார். நான் புத்தகத்தில் எழுதினேன். எல்லோருக்கும் சந்தோசம். இப்படியே ஐந்தாவது, இப்படியே ஆறாவது. முன்கையில் ஒரு தசை துடித்ததாகவும் எழுதி வைத்தேன். பக்கத்துத் தசை இழுத்ததை இந்தத் தசை என்று நம்பினேன். நம்ப வேண்டும் என்று நினைத்தவனுக்குக் காட்சியா பஞ்சம்?

ஆறாவது மாதம் என்பது விளையாட்டில்லை. ஆறு மாதத்துக்குள் முழங்கை மடிப்பைத் தாண்டாவிட்டால் திரும்பத் திறந்து பார்ப்பதென்று நிபுணர் முதலிலேயே தவணை வைத்திருந்தார். தையல் பிடிக்கவில்லையென்றால் பழுதான துண்டை வெட்டிவிட்டு மறுபடி தைக்கலாம். அப்போதும் தசைக்கு நேரம் மிச்சம் இருக்கும்.

அவர் என்னைப் பிடித்தது ஒப்பரேசன் தியேட்டர் வாசலில். காலையிலிருந்து நின்றபடியே நின்ற மனிதர். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"ஐசே, மயக்கமருந்து ஒரு பெரிய ஒப்பரேசனுக்குத்தான் கிடக்கு. அடுத்தது எப்ப வருமெண்டு கடவுளுக்குத்தான் வெளிச்சம். கொடிகாமத்து மரக்கறி யாவாரியின்ரை கால் ஒண்டு கிடக்கு, உம்மடை சூசையின்ரை கை கிடக்கு. சொல்லும், மடிப்பைத் தாண்டிட்டுதோ?"

"முன்னேற்றம் நல்லாயிருக்கு, சேர். முடிச்சுக் கணக்குப்படி..."

"எனக்குக் கதை வேண்டாம். தாண்டிட்டுதோ, இல்லையோ?"

ஒரு கணந்தான். அந்த ஒரு கணத்தில் எனக்குள் ஒரு குரல், 'உனக்குத் தெரியாது, நீ கண்ணை மூடிப் பார்க்கவில்லை' என்று தெளிவாகச் சொன்னது. எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று உங்களிடம் நடிக்கமாட்டேன்.

"தாண்டிட்டுது, சேர்."

"அப்ப காலைச் செய்வம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அந்த வியாபாரியின் கால் தப்பியது. நான் 'தாண்டவில்லை' என்று சொல்லியிருந்தால் அந்தக் கால் போயிருக்கும், கையைக் கொடுத்துக் காலைக் காப்பாற்றினேன் என்று கனகாலம் என்னை நானே தேற்றிக்கொண்டு திரிந்தேன். அந்த ஆறுதலும் எப்படிப் போனது என்று பின்னால் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு அவர்கள் ஒழுங்காக வரவில்லை. கடலிலிருந்து ஷெல் அடி கூடியதால் குருநகர்ச் சனம் உள்ளே உள்ளே எழும்பிக்கொண்டிருந்தது. சூசை குடும்பம் மானிப்பாயில் ஒரு தெரிந்தவர் வீட்டுக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். இடையில் ஒரு தரம் வந்தார். விரல் இன்னும் மடியவில்லை. "நரம்பு எண்டால் மெதுவாத்தான் வரும், பொறும்" என்று அனுப்பினேன். பொறும்! யார் யாருக்குச் சொல்கிற சொல்!

பதினாலாவது மாதம், ஒரு காலை நேரம், வந்து வாங்கில் இருந்தார்கள். சூசையின் வலது கையில் பழந்துணிச் சுற்று. அவிழ்த்துப் பார்த்தேன். சுட்டுவிரல் நுனியிலும் பெருவிரல் நுனியிலும் தோல் கருகி, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது.

வலை பின்னுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நைலோன் நூலை வெட்டியவுடன் நுனி பிரியாமல் இருக்க நெருப்பில் காட்டி உருக்குவார்கள். உருகின நுனியைச் சூட்டோடு சூடாகச் சுட்டுவிரலுக்கும் பெருவிரலுக்கும் நடுவில் வைத்து ஒரு உருட்டு உருட்டி விடுவார்கள். சூடு தாங்காமல் விரல் தானாகவே விலகிக்கொள்ளும். எவ்வளவு நேரம் பிடிப்பது என்று யாரும் எண்ணுவதில்லை. விரல் பார்த்துக்கொள்ளும். சூசை இடது கையால் பின்னப் பழகியிருந்தார். ஆனால் நுனியை உருட்டுகிற வேலையைப் பழக்கதோசத்தில் வலது கை செய்தது. மடியாத சுட்டுவிரலுக்கு அடியில் பெருவிரலை ஒட்டவைத்து அமுக்கிக்கொண்டு, அடுத்த கண்ணிக்கு நூல் பார்த்தபடி இருந்திருக்கிறார். உருகின நைலோன் தோலோடு ஒட்டி எரிந்துகொண்டே இருந்திருக்கிறது.

"இவதான் குசினிக்குள்ளையிருந்து ஓடிவந்தவ. என்ன மணம் எண்டு கேட்டா. நைலோன் எண்டன். இல்லை, இறைச்சி மணம் எண்டு சொன்னா" என்றார் சூசை. சொல்லும்போது சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

மருந்து கட்டுகிற அறையில் துணி வாங்கி வரும்படி திரேசம்மாவை அனுப்பினேன். அவர் போனபிறகு, "கண்ணை மூடும், சூசை" என்றேன். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னர் எனக்குச் சொல்லித் தந்ததை, பத்து மாதம் பிந்தி, அன்றைக்குத்தான் செய்தேன்.

அவரைத் தொடாமல், என்னுடைய இரண்டு கையையும் என் மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்: "இப்ப தட்டினது தெரியுதோ?"

"ஓம் ஐயா."

கை மடியிலேயே இருந்தது. "இப்ப?"

"ஓம்."

"இப்ப?"

"ஓம் ஐயா, முந்தியிலும் பாக்க நல்லாத் தெரியுது."

"கண்ணைத் திறவும்."

அவர் திறந்தார். மடியில் கிடந்த என் கைகளைப் பார்த்தார். பிறகு அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "கோவிக்காதையுங்கோ ஐயா. அண்டைக்கு உங்கடை முகத்தைப் பாத்தனான். அழுது முடிஞ்ச முகமாயிருந்தது. இவ அங்காலை நூலை நீட்டிக்கொண்டு நிக்கிறா. எப்பிடி ஐயா இல்லை எண்டு சொல்லுறது? வாற மாசம் சரிவரும், அப்ப எல்லாம் ஒண்டாக் கணக்குத் தீர்ந்திடும் எண்டு நினைச்சன். பிறகு சொல்ல ஏலாமல் போச்சுது."

எனக்கு அவர் மேல் ஆத்திரம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. அடுத்த நிமிடம் என்னை நானே அறைய வேண்டும் போல இருந்தது. நோயாளிக்கு இரக்கப்பட வேண்டியவன் நான். நோயாளி எனக்கு இரக்கப்படும்படி முகத்தை வைத்துக்கொண்டு போய் நின்றிருக்கிறேன். அந்த இரக்கத்துக்கு அவர் கொடுத்த விலை அவருடைய கை.

நிபுணரிடம் போய்ச் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன், ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். இரண்டு கிழமையில் கையைத் திறந்தார். "தியேட்டருக்குள்ளை வாரும். உம்மடை கண்ணாலை பாரும்" என்றார். போனேன். தைத்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே நரம்பு ஒரு சின்ன வெங்காயம் அளவுக்கு உருண்டு திரண்டு கிடந்தது. துளிர்த்ததெல்லாம் வழி தெரியாமல் தழும்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றி முடிச்சாகிப் போயிருந்தது. மூன்றாவது முடிச்சின் இடம். அதற்குக் கீழே ஒரு நூல்கூடப் போகவில்லை.

"மூண்டாம் மாசத்திலையிருந்து இது இஞ்சைதான் நிண்டிருக்கு, ஐசே."

"அண்டைக்கு மருந்து ஒராளுக்குத்தான் இருந்தது, சேர். நான் இல்லையெண்டு சொல்லியிருந்தால் அந்தக் கால்..."

அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "ஆர் சொன்னது? நீர் இல்லையெண்டாலும் நான் காலைத்தான் முதல் செய்திருப்பன். அழுகுற கால் பொறுக்காது, நரம்பு ஒரு மாசம் பொறுக்கும். கையை அடுத்த மருந்து வரேக்கை செய்திருப்பன். பத்து நாளிலை வந்ததுதானே." பிறகு குனிந்து வேலையைத் தொடர்ந்தபடி சொன்னார்: "உம்மைக் கேட்டது பிழையில்லை. கேட்டுப்போட்டு நான் போய்ப் பாக்காதது பிழை."

ஆகவே பிள்ளைகளே, நான் சொன்ன பொய்யால் ஒருவருக்கும் ஒரு துளி நன்மையும் கிடைக்கவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் குறைந்திருக்காது. அவதியில் நிற்கிறபோது எங்களிடம் கேட்கப்படாத கேள்விக்கெல்லாம் நாங்களே பதில் கட்டிக்கொள்கிறோம். அவர் கேட்டது தாண்டியதா என்று மட்டும். காலா கையா என்று தீர்க்கிற வேலையை என்னிடம் யாரும் தரவில்லை. 'தெரியாது சேர், நாளைக்கு வடிவாய்ப் பார்த்துச் சொல்கிறேன்' என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் அந்தக் கைக்கு ஒரு வழி இருந்திருக்கும். இந்த ஒரு வசனத்தைச் சொல்லத் தெரியாதவன் வெள்ளைச் சட்டை போட்டு என்ன பிரயோசனம்?

உருண்டையை வெட்டி மறுபடி தைத்தார். பிந்திவிட்டது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மிச்சமிருந்த வழி ஒன்று. நன்றாக வேலை செய்கிற தசையின் நாணை எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் மாற்றித் தைப்பது. உணர்ச்சி வராது, ஆனாலும் நூலைப் பிடிக்கலாம். புண் ஆறி, விரல் மூட்டுக்கள் இளகவேண்டும் என்று நாள் போய்க்கொண்டிருந்தது. தொண்ணூற்றைந்து ஐப்பசி முடிய வரும்படி நிபுணர் தவணை கொடுத்தார்.

அந்த ஐப்பசி முடிவில் என்ன நடந்தது என்று உங்கள் வீடுகளில் கேளுங்கள். ஆமி வருகிறதென்று, யாழ்ப்பாண நகரத்தோடு வலிகாமம் முழுவதும் எழும்பி மழைக்குள் நடந்தது. நிபுணரை அதற்குப் பிறகு நான் காணவில்லை. எங்கேயோ வெளிநாட்டில் என்று பிறகு சொன்னார்கள். சூசையின் பெயர் எழுதிய புத்தகம் அலுமாரிக்குள்ளேயே கிடந்துபோனது.

சில கிழமைக்குப் பிறகு கொடிகாமம் சந்தைக்குப் பக்கத்தில், ஒரு பள்ளிக்கூட மதிலோடு தறப்பாள் கட்டியிருந்த சனத்துக்குள் திரேசம்மாவைக் கண்டேன். பிள்ளைகள் இரண்டும் தறப்பாளுக்குள் நித்திரை. சூசை தண்ணீருக்கு வரிசையில் நிற்பதாகச் சொன்னார். முன்னால் ஒரு அரிசிப் பை. அதன் வாயைக் கட்டியிருந்த நூலைக் குனிந்து பார்த்தேன். நைலோன் நூல். ஆறு முடிச்சு.

"உதை இன்னும் வைச்சிருக்கிறியளே?"

"வெளிக்கிடேக்கை அந்தோனியார் படத்தோடை வந்திட்டுது. கட்டுறதுக்கு வேறை ஒண்டும் அம்பிடேல்லை ஐயா."

இனிமேலும் மூடி வைக்க எனக்குத் தெம்பில்லை. "திரேசம்மா, உதிலை முதல் மூண்டுதான் மெய். நாலாவதிலையிருந்து பொய். நானும் சூசையும் சேர்ந்து உங்களுக்குச் சொன்ன பொய்" என்றேன்.

"தெரியும் ஐயா."

"ரெண்டாந்தரம் வெட்டினாப் பிறகு அவர் சொன்னவரே?"

"இல்லை. நாலாவது முடிச்சுப் போட்ட கிழமையே எனக்குத் தெரியும்." அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. அரிசி அளக்கிற மாதிரிச் சொன்னார். "மத்தியானம் சாப்பிட்டுட்டு உவர் படுப்பார். நல்லா நித்திரையானாப் பிறகு நீங்கள் தட்டுறமாதிரித் தட்டிப் பாத்தனான். மூண்டாவது முடிச்சு வரைக்கும் தட்ட, நித்திரையிலையே துள்ளினார். அங்காலை ஒண்டுமில்லை. அடுத்த மாசமும் தட்டிப் பாத்தன். அதுக்கடுத்த மாசமும். நித்திரையிலை மனிசனுக்குப் பொய் சொல்ல வராதே, ஐயா."

நான் படித்த படிப்பு, வாங்கிய பத்திரம், அந்த அம்மையார் தலைதலையாக அடித்துத் தந்த விதி, எல்லாம் அந்த மதிலடியில் குந்தியிருந்த பெண்ணிடம் இருந்தது. என்னிடம் இருக்கவில்லை.

"அப்ப ஏன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை?" என்று கேட்டேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். பக்கத்துத் தறப்பாளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்கள் படிச்சனீங்கள். நான் தட்டினதுதான் பிழையாக்கும் எண்டு நினைச்சன். நீங்கள் தட்டுவியள், அவர் ஓம் எண்டுவார், நூலை என்னட்டைத் தருவியள். முடிச்சைப் போடு எண்டுதானே சொன்னனீங்கள்? என்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லையே, ஐயா."

ஆறு மாதமும் என் கைக்கெட்டுகிற தூரத்தில் நின்ற ஆள். சோறு குழைத்துக் கொடுத்தவர், சட்டைத் தெறி பூட்டிவிட்டவர், சைக்கிள் மிதித்துக் கொண்டுவந்து சேர்த்தவர். நான் அவரிடம் நேரம் என்ன என்றுகூடக் கேட்டதில்லை.

சூசை வந்தார். இடது கையில் தண்ணீர் வாளி. வலது கை மார்போடு மடிந்து, அதே இரண்டு விரலும் நீட்டியபடி. என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. வாளியை வைத்துவிட்டு, முதலில் என்னையும் பிறகு திரேசம்மாவையும் பார்த்தார்.

"ஐயாவுக்குச் சொன்னனீரோ, இப்ப விரலிலை கொஞ்சம் கொஞ்சமா உணர்ச்சி வருது எண்டு?"

திரேசம்மா பையின் வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஓம்" என்றார். "சொன்னனான்."